சரியாகிவிட்டது, எதனால்?

பழைய கார் ஒன்று மிஸ் அடிக்கிறது என்று பட்டறைக்கு வந்தால் பெரும்பாலும் முதலில் மாறுவது பிளக். நான்கையும் புதிதாகப் போட்டவுடன் வண்டி சீராக ஓடும். பிளக்தான் கோளாறு என்று முடிவாகிவிடும். சில வாரம் கழித்து அதே மிஸ்ஸிங் திரும்ப வரும். இந்த முறை பாயிண்ட் மாறும், மறுபடி சீராகும். அடுத்து கண்டென்சர், அடுத்து காயில், கடைசியில் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவுவது. ஒவ்வொரு முறையும் வண்டி உண்மையாகவே கொஞ்சம் தேறுகிறது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை, வண்டிக்காரரும் ஏமாளி இல்லை. கண்ணால் கண்டதைத்தான் இருவரும் நம்புகிறார்கள். ஆனாலும் கோளாறு எது என்று கடைசிவரை இருவருக்கும் தெரியாது. மாற்றினேன், சரியாயிற்று, ஆகவே மாற்றியதுதான் கெட்டிருந்தது என்கிற வாதம் பழைய எஞ்சினில் இவ்வளவு சுலபமாகப் பொய்த்துப்போவது ஏன்? பொய்த்த பிறகும் மெய்போலவே தோன்றுவது ஏன்? என் கட்சி இதுதான்: பழைய எஞ்சினில் குணம் தெரிந்தது என்பது சான்றாகாது. கெட்டது என்று கழற்றியதைத் திரும்ப மாட்டி, போன கோளாறை வரவழைத்துக் காட்ட முடிந்தால்தான் அங்கே சான்று தொடங்குகிறது.

பேச்சு பொதுப்படையாகப் போய்விடாமல் இருக்க ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வகை, 1489 சிசி, நான்கு சிலிண்டர், வெடிக்கும் வரிசை 1-3-4-2. அந்தக் காரின் உற்பத்தி உத்தர்பாராவில் 2014 மே மாதம் நின்றுபோனது; எஞ்சினின் பற்றவைப்பு முறையோ அதற்கு நூறாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங் வகுத்து, 1910-ல் காடிலாக் காரில் ஏறிய அதே ஏற்பாடு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலின் முதல் சுற்றில் சில ஆம்பியர் மின்னோட்டம் ஏறுகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அது அறுந்து, காயிலின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. அந்த மின்சாரம் ரோட்டார் வழியாக, மூடியின் முனையைத் தாண்டி, வயரில் ஓடி, பிளக்கின் 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைக் குதித்துக் கடக்க வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இது விநாடிக்கு 100 முறை நடந்தாக வேண்டும். மிஸ்ஸிங் என்பது இந்த நூறில் சில நடக்காமல் போவது. நடந்த ஒன்றுக்குத் தடயம் இருக்கும். நடக்காத ஒன்றைத் தேடுகிறோம் என்பதுதான் இந்த வேலையின் முதல் சிரமம்.

இரண்டாவது சிரமம் இன்னும் ஆழமானது. வாதத்தின் ஆணிவேரே அதில்தான் இருக்கிறது. பொறி பாய்வதையும் பாயாததையும் ஒரு குடும்பத்தின் வரவு செலவாகப் பார்க்கலாம். காயில் தரக்கூடிய அதிகபட்ச வோல்ட் வரவு. பிளக் இடைவெளியைத் தாண்டத் தேவைப்படும் வோல்ட் செலவு. எல்லாம் புதிதாக இருக்கும்போது வரவு செலவைப் போல இரண்டு பங்குக்கு மேல் இருக்கும், மிச்சம் கையில் நிற்கும். காலம் போகப் போக இரு பக்கமும் தேய்கிறது. பிளக்கின் முனை கரைந்து இடைவெளி அகலுகிறது, கூர்மையான விளிம்பு மழுங்குகிறது. இரண்டுமே தேவையைக் கூட்டுகின்றன. ரோட்டார் முனை எரிந்து அங்கே ஒரு தாண்டல் பெரிதாகிறது. மறுபக்கம் பாயிண்டின் முகம் கருகி மின்னோட்டம் குறைகிறது, காயில் சூட்டில் தளர்கிறது, பேட்டரி முனையில் பச்சைப் பூஞ்சணம் பூத்து அரை வோல்ட்டைத் தின்கிறது. இவற்றில் எதுவும் தனியாக எஞ்சினைத் தடுமாற வைக்காது. எல்லாமாகச் சேர்ந்து மிச்சத்தைத் துடைத்து எடுக்கும் நாளில்தான் முதல் மிஸ் விழுகிறது. அந்த நிலையில் எந்தப் பாகத்தைப் புதிதாகப் போட்டாலும் கொஞ்சம் வோல்ட் மிச்சமாகும், மிஸ்ஸிங் நிற்கும். மாற்றிய பாகம் குற்றவாளியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தவறான கண்டுபிடிப்புக்கு எஞ்சினே சாட்சி சொல்லிவிடுகிறது என்பது பழைய வண்டியின் தனிக் குணம்.

வேலை செய்கிறவரின் கையும் இதில் கலந்துவிடுகிறது. பிளக் மாற்றும்போது நடப்பது பிளக் மாற்றம் மட்டுமில்லை. வயரை இழுத்துக் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டும்போது அதன் முனையில் இருந்த துரு உரசிப் போகிறது. வேலை முடிவதற்குள் எஞ்சினும் காயிலும் ஆறுகின்றன. சூட்டில் மட்டும் தவறுகிற காயிலாக இருந்தால், பட்டறை வாசலில் நடக்கும் சோதனை ஓட்டத்தில் அது யோக்கியமாகவே நடந்துகொள்ளும். ஒரே நேரத்தில் நான்கைந்து மாறியிருக்க, பெருமை முழுவதும் பில்லில் எழுதிய ஒன்றுக்குப் போய்ச் சேருகிறது.

பாயிண்டும் கண்டென்சரும் சேர்ந்து நடத்துவதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பாயிண்ட் திறக்கும்போது அறுபடும் மின்சாரம் அந்த இடைவெளியிலேயே தீப்பொறியாகத் தாவப் பார்க்கும். பக்கத்தில் விரல்நுனி அளவு இருக்கும் கண்டென்சர் அதை உறிஞ்சிக்கொள்வதால்தான் பாயிண்ட் கருகாமல் இருக்கிறது. காயிலின் புலமும் சட்டென்று சரிகிறது. கண்டென்சர் நலிந்தால் இந்த இரண்டும் கெடும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை விரலால் பிரித்து, வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பாயிண்டின் முகம் மங்கலான சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். கண்டென்சர் நலிந்த வண்டியில் அது நீலம் பாய்ந்து கருத்திருக்கும். ஒரு முகத்தில் ஊசி குத்தியது போன்ற பள்ளமும், எதிர் முகத்தில் அதே இடத்தில் சிறு மேடும் இருந்தால், உலோகம் இங்கிருந்து அங்கே குடிபெயர்ந்திருக்கிறது. அதுவும் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்பதற்கு அடையாளம். இந்தப் பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி, 0.4 மில்லிமீட்டர் கேஜ் வைத்துச் சரிசெய்தால் வண்டி அன்றே அருமையாக ஓடும். ஆனால் பழைய கண்டென்சர் புதிய பாயிண்டையும் அதே வழியில் தின்னத் தொடங்கியிருக்கும். தூக்கிப் போட்ட பாயிண்ட் குற்றவாளி இல்லை, குற்றத்தின் தடயம். தடயத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வழக்கை முடித்துவைப்பதைத்தான் பல பட்டறைகள் பழுது பார்த்ததாகச் சொல்கின்றன.

மாற்றியதுதான் கெட்டிருந்தது என்கிற இந்தத் தர்க்கப் பிழைக்கு நம் மொழியில் மிகப் பழைய பெயர் உண்டு. மணிமேகலையின் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் அளவை இலக்கணம் சொல்லும்போது, எடுத்துக்காட்டில் வரும் குற்றங்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார். அவற்றில் ஒன்று விபரீதான்னுவயம்: தொடர்பைத் தலைகீழாகச் சொல்வது. செய்யப்பட்டதெல்லாம் அழியும் என்பதை நிறுவ வேண்டிய இடத்தில் அழிவதெல்லாம் செய்யப்பட்டது என்று திருப்பிச் சொல்லிவிடுவது. கெட்ட பிளக் இருந்தால் எஞ்சின் மிஸ் அடிக்கும் என்பது மெய். எஞ்சின் மிஸ் அடித்தால் பிளக் கெட்டிருக்கிறது என்பது அதே மெய்யின் தலைகீழ். அதே காதையில் ஏதுவுக்கு மூன்று நிபந்தனை சொல்லப்படுகிறது: எடுத்துக்கொண்ட பொருளில் அது இருக்க வேண்டும், ஒத்த இடங்களில் இருக்க வேண்டும், மாறான இடங்களில் இல்லாமல் இருக்க வேண்டும். பட்டறையில் முதல் நிபந்தனையைப் பார்க்கிறார்கள். மற்ற இரண்டையும் பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கழற்றிய பாகத்தை வைத்துக்கொண்டு இன்னும் கால் மணி நேரம் செலவழித்தால் போதும்.

எப்படிச் செலவழிப்பது? எந்த சிலிண்டர் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, காப்புள்ள இடுக்கியால் பிளக் வயரை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எடுத்த வயரை அந்தரத்தில் விடாமல் எஞ்சின் உடம்பில் எர்த் ஆக்குவது நல்லது. போக வழியில்லாத மின்சாரம் பழைய ரோட்டாரின் காப்பையே துளைத்துவிடும். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் தடுமாறும். எதை எடுத்தும் எஞ்சின் சட்டை செய்யவில்லையோ, அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்திருக்கிறது. இந்தச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: இங்கே எதுவும் மாறாமல் இருப்பதே சாட்சி. இல்லாமல் போன ஒன்றைத் தேட, நாமாகவே ஒவ்வொன்றாக இல்லாமல் ஆக்கிப் பார்க்கிறோம். செத்தது இரண்டாம் சிலிண்டர் என்று தெரிந்தால், புதிய பிளக் வாங்கும் முன் அதன் பிளக்கை நான்காவதில் போட்டு, நான்காவதை இரண்டாவதில் போட வேண்டும். மிஸ்ஸிங் நான்குக்கு இடம் மாறினால் பிளக். இரண்டிலேயே நின்றால் பிளக் இல்லை. அடுத்து வயரையும் அப்படியே மாற்றிப் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லாமல் ஒத்த இடம், மாறான இடம் இரண்டும் பார்த்தாகிவிட்டது.

கழற்றிய பிளக்கை எஞ்சின் மேல் வைத்துப் பொறி பாய்கிறதா என்று பார்ப்பது ஊரறிந்த சோதனை. இதை நம்பிப் பலர் காயிலுக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள். ஒரு வாயு இடைவெளியை மின்சாரம் தாண்டத் தேவைப்படும் வோல்ட் அந்த இடைவெளியையும் வாயுவின் அழுத்தத்தையும் சேர்த்துப் பொறுத்தது என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெடரிக் பாஷென் 1889-லேயே காட்டிவிட்டார். வெளியே இருப்பது ஒரு மடங்கு காற்றழுத்தம். சிலிண்டருக்குள் பொறி விழ வேண்டிய கணத்தில் அது பல மடங்கு. வெளியே நீலமாகப் பாயும் பொறி உள்ளே பாயாமல் போகலாம். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த சிலிண்டர் நிறைந்து அழுத்தம் ஏறும் என்பதால், சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி மேடு ஏறும்போது மட்டும் மிஸ் அடித்தால் பற்றவைப்பின் பக்கம் தேட வேண்டும். நின்றுகொண்டு ஓடும்போது மட்டும் தடுமாறி, வேகம் பிடித்ததும் சரியாகிவிட்டால் வேறு கதை. மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை ஐட்லிங்கில் அதிகம். கேஸ்கெட் வழியாகக் கள்ளத்தனமாக நுழையும் காற்று அப்போதுதான் கலவையைக் கெடுக்கும். எரிந்துபோன எக்ஸாஸ்ட் வால்வும் மெதுவான ஓட்டத்தில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும், கசிவதற்கு அங்கே நேரம் கிடைப்பதால். மழையில் மட்டும் என்றால் வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும். இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால், மூடியின் மேல் பென்சில் கோடு போல ஒரு கரித்தடம், அதன் வழியே நீலப் பொறி ஊர்ந்து போவது தெரியும். எப்போது மிஸ் அடிக்கிறது என்ற கேள்விக்கு வண்டிக்காரர் தரும் பதில் பாதி வேலை. அதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விடக்கூடாது.

எஞ்சினின் உடலமைப்பும் பேசும். பி-சீரிஸ் ஹெட்டில் 1, 2 சிலிண்டர்களுக்குப் பொதுவாக ஒரு இன்லெட் வாசல், 3, 4-க்கு ஒன்று. எக்ஸாஸ்டில் 2-ம் 3-ம் ஒரே வாசலைப் பகிர்கின்றன. ஆகவே 1-ம் 2-ம் சேர்ந்து பலவீனமாக இருந்தால் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டின் அந்த முனையைச் சந்தேகிக்கலாம். அடுத்தடுத்த 2-ம் 3-ம் சேர்ந்து செத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். கம்ப்ரஷன் கேஜ் அதை உடனே சொல்லும். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இந்தச் சோதனையை முதலில் செய்யாமல் மின்சாரப் பாகங்களை வாங்கிக் குவிப்பதில் பொருளே இல்லை. அழுத்தமே எழாத சிலிண்டரில் எந்தப் பொறியும் எதையும் சாதிக்காது.

இவ்வளவு எதற்கு, பிளக், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், மூடி, வயர் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாகப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேடும் நேரத்தின் கூலியைவிடப் பாகங்களின் விலை குறைவாக இருக்கும்போது இது கணக்கில் லாபம். பல நேரம் பலிக்கவும் செய்யும். ஆனால் சர்வீஸ் என்பதும் கோளாறு கண்டுபிடிப்பது என்பதும் வேறு வேறு வேலைகள். பற்றவைப்பு முழுவதும் புதிதாகி மிச்சம் பெருகிவிட்டால், தொடக்க நிலையில் இருக்கும் வால்வுக் கசிவு இன்னும் சில மாதம் மறைந்திருக்கும். வெளியே வரும்போது ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இன்று கடையில் கிடைக்கும் புதிய ரோட்டாரும் கண்டென்சரும் பழையதைவிட நல்லவை என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆறு புதிய பாகம் போட்டு மிஸ்ஸிங் நிற்காவிட்டால் சந்தேகிக்க வேண்டியவை ஆறு கூடிவிட்டன. கண்டுபிடித்த பிறகு எல்லாவற்றையும் மாற்றுங்கள், தடையில்லை, வரிசைதான் முக்கியம்.

கைதேர்ந்த மெக்கானிக்குக் காது போதும், சைலன்சர் சத்தத்திலேயே சொல்லிவிடுவார் என்பது அடுத்த மறுப்பு. அந்தக் காதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒழுங்கான தாளத்தில் நான்கில் ஒன்று விடுபடுகிறதா, ஒழுங்கில்லாமல் எங்கெங்கோ விடுபடுகிறதா என்பதை அது நொடியில் பிரிக்கும். முதலாவது ஒரு சிலிண்டரின் நோய், இரண்டாவது எல்லாவற்றுக்கும் பொதுவான காயில், பாயிண்ட், எரிபொருள் இவற்றின் நோய். இந்த ஒரு பிரிப்பே தேடலைப் பாதியாக்கிவிடும். ஆனால் காது சொல்வது எங்கே தேடலாம் என்பதை மட்டுமே. உண்மையிலேயே கைதேர்ந்தவர்கள் காதால் ஊகித்த பிறகும் வயரை எடுத்துப் பார்க்கிறார்கள். காதோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்குத் தங்கள் ஊகம் தவறிய நாட்கள் தெரிய வருவதே இல்லை, வண்டி வேறு பட்டறைக்குப் போய்விடுவதால்.

புதிய வண்டியில் ஸ்கேனர் மாட்டினால் எண்ணே வந்துவிடுகிறதே என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் முதல் கட்டாயமான ஓபிடி-2 முறையில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். கிராங்க் சுற்றும் வேகத்தில் எந்த வெடிப்பின்போது சிறு தொய்வு விழுகிறது என்று அளந்துதான் கணினி அதைச் சொல்கிறது. அதாவது வயரை எடுத்துக் காதால் கேட்கும் அதே சோதனையை எடுக்காமலேயே செய்கிறது. பெரிய வசதிதான். ஆனால் அந்த எண் சொல்வது எந்த சிலிண்டர் என்பதை. ஏன் என்பதை இல்லை. பிளக்கா, காயிலா, இஞ்செக்டரா, வால்வா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எண்ணைக் கண்டதும் அந்த சிலிண்டரின் காயிலை வாங்கிப் போடுவது, பழைய வண்டியில் பிளக்கை வாங்கிப் போட்ட பழக்கத்தின் தொடர்ச்சி.

எல்லாவற்றிலும் கூரான மறுப்பு என் வாதத்துக்குள்ளிருந்தே எழுகிறது. மிச்சம் துடைக்கப்பட்டதால்தான் மிஸ்ஸிங் என்றால், பழைய பிளக்கைத் திரும்பப் போட்டாலும் மிஸ்ஸிங் திரும்ப வரத்தானே செய்யும்? அப்போது பிளக் குற்றவாளி என்று எப்படி நிறுவினாய்? உண்மைதான். திரும்ப வருவது அந்த பிளக்குக்கு இதில் பங்கு உண்டு என்பதை மட்டும் காட்டுகிறது. அதனால்தான் இடம் மாற்றும் சோதனையும் கூடவே வேண்டும் என்கிறேன். பழைய பிளக் எந்த சிலிண்டருக்குப் போனாலும் அங்கே மிஸ் விழுந்தால் அதுதான். இரண்டாம் சிலிண்டரில் இருக்கும்போது மட்டும் விழுந்து மற்ற இடங்களில் ஒழுங்காக ஓடினால், அந்த சிலிண்டரிலோ அதன் வயரிலோ இன்னொரு கடன்காரர் இருக்கிறார். பழைய வண்டியில் ஒற்றைக் காரணம் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்று கேட்பது வீண் இல்லை. இப்போது அதில் புதிய பங்காளி ஒருவரும் சேர்ந்திருக்கிறார். இந்தியாவில் 2025-ல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்த கார்புரேட்டரில் இந்தக் கலப்பு ஓடினால் கலவை மெலிகிறது, மெலிந்த கலவை பற்றுவதற்குத் தயங்குகிறது. டேங்கின் பழைய கசடையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டை அடைக்கிறது. கார்புரேட்டரைக் கடைசியில் பார் என்கிற பழைய பட்டறை விதி இன்னும் செல்லும். ஆனால் பற்றவைப்பும் கம்ப்ரஷனும் தேறிய பிறகு கலவையைக் கொஞ்சம் கொழுப்பாக்கிப் பார்ப்பது இனி விட முடியாத படி.

இதெல்லாம் நடக்காமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை என்று நான் நினைக்கவில்லை. பட்டறைப் பில்லில் பாகத்துக்கு இடம் உண்டு, மாட்டிய கூலிக்கு இடம் உண்டு, கண்டுபிடித்ததற்கு இடம் இல்லை. ஒரு மணி நேரம் வயரையும் பிளக்கையும் இடம் மாற்றிப் பார்த்து, ஒன்றும் வாங்க வேண்டாம், இந்த முனையைச் சுரண்டினால் போதும் என்று சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது நன்றி மட்டும்; கண்ணை மூடிக்கொண்டு காயில் மாற்றியவருக்குக் காசு. வண்டிக்காரர்கள் நினைத்தால் இதை மாற்றலாம். தேடும் நேரத்துக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக் கொடுத்துவிட வேண்டும், பாகம் எதுவும் மாறாவிட்டாலும். கழற்றிய பழைய பாகத்தை ஓடிய கிலோமீட்டர் எழுதி டிக்கியில் போட்டு வைக்க வேண்டும். மிஸ்ஸிங் நின்றுவிட்டது, வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது, பழையதைத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும்.